கிணற்றுக்கு ஓலை வாசித்த மூன்று ஞாயிறு

ஜெசிந்தா கல்யாணம் முடிந்து மாதாவிளைக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டப் புறவாசலைத் திறந்த அவளுடைய நாத்தனார் ரோஸ்லின், முருங்கை மரத்துக்கும் குளியலறைக்கும் நடுவே நேற்றுவரை வெறும் செம்மணலாகக் கிடந்த இடத்தில் ஒரு கிணறு நிற்பதைப் பார்த்துவிட்டு, சட்டியை வேறு பக்கமாகத் திருப்பித் தண்ணீரைக் கொட்டி, உள்ளே வந்து, "உங்க வீட்டுக் கிணறு வந்திருக்கு, போய் என்னன்னு கேளு" என்றாள்.

ஜெசிந்தா போய்ப் பார்த்தாள். ஆறு கிலோமீட்டர் தள்ளி ஈச்சங்காட்டில், அவளுடைய அப்பாவின் பனைகளுக்கு நடுவே இருந்த கிணறுதான் அது. கைப்பிடிச் சுவரில் சிமெண்ட் காய்வதற்கு முன் அப்பா விரலால் எழுதிய அவளுடைய பிறந்த தேதி இருந்தது, இரண்டு கல்தூணுக்கு இடையில் கிரீச்சிடுகிற அதே கப்பி இருந்தது, எட்டிப் பார்த்தால் அவள் முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் சரித்துக் காட்டுகிற அதே தண்ணீரும் இருந்தது. அவள் பிறந்த வாரத்தில் அதை வெட்டி, முதல் ஊற்றில் அவளைக் குளிப்பாட்டிய அப்பா, கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவள் சுவரில் கை வைத்து நின்றாள். வந்த களைப்பில் தண்ணீர் லேசாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

எப்படி வந்தது, எந்த வழியாக வந்தது என்று மாதாவிளையில் யாரும் மெனக்கெட்டுக் கேட்கவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் அவள் வீட்டிலிருந்து யாராவது வந்து பார்த்துவிட்டுப் போவது வழக்கம், அப்பா இல்லாத வீட்டிலிருந்து கிணறு வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் அவளுடைய அண்ணன் பைக்கில் வந்து, கிணற்றை இரண்டு தரம் சுற்றி நடந்து, அது நின்ற இடத்தில் இப்போது வட்டமாகப் புல் முளைத்திருக்கிறது என்று சொல்லி, மரியாதைக்கு ஒரு வார்த்தை அதையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்து, காப்பி குடித்துவிட்டுப் போனான். கிராம நிர்வாக அலுவலர் வந்து அளந்தார். நிலத்தில் இருக்கிற கிணற்றுக்குப் படிவம் உண்டு, நிலம் மாறுகிற கிணற்றுக்குக் கிடையாது என்பதால் பென்சிலால் குறித்துக்கொண்டு போனார். பங்குச்சாமிக்குத்தான் சங்கடம். கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண்ணின் பெயரையும் பங்கின் பெயரையும் சொல்லி ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று கேட்ட பிறகே சேர்த்துக்கொள்கிறோம், இவ்வளவு பெரிய கிணற்றை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிச் சேர்ப்பது என்று யோசித்தவர், கிணற்றுக்கும் ஓலை வாசித்துவிட்டார். ஈச்சங்காட்டுப் பங்கைச் சேர்ந்த கிணறு மாதாவிளைப் பங்குக்கு வர விரும்புகிறது என்று அவர் மூன்று ஞாயிறும் வாசித்தபோது, புதுப்பெண் சேலையோடு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவுக்குத் தனக்கே இன்னொரு முறை வாசிப்பது போல முகம் சூடாயிற்று. யாரும் தடை சொல்லவில்லை. மாதாவிளையில் இருந்த தண்ணீரெல்லாம் உப்பு.

அதற்கப்புறம் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள், கீழத்தெருவுக்குக் காலை, மேலத்தெருவுக்குச் சாயங்காலம், பக்கத்து வீட்டுக் கித்தேரி அக்காவுக்கு மட்டும் எப்போது வேண்டுமானாலும். ஒரு மாதத்துக்குள் கப்பிச் சத்தத்தால் மத்தியானம் கண்ணயர முடியவில்லை என்று குறை சொல்லுகிற அளவுக்கு, அது என்றைக்கும் அங்கேயே இருந்த கிணறாகிவிட்டது. ஜெசிந்தா உண்டானபோது தண்ணீர் இளஞ்சூடாக வந்தது. பச்சை உடம்புக்காரிகளெல்லாம் தலைக்கு ஊற்ற வாங்கிப் போனார்கள். மகள் லியோனா பிறந்த அன்று கைப்பிடிச் சுவர் வரைக்கும் ஏறி நின்று, வாளி இல்லாமல் கையாலேயே மொண்டு கொள்ளச் சொன்னது.

பயம் பிள்ளை பிறந்த பிறகுதான் வந்தது. லியோனா அழும்போதெல்லாம் கிணறு ஒரு சாண் வீட்டுப் பக்கமாக நகர்ந்தது. மண்ணைத் தள்ளாமல், சத்தம் போடாமல், தண்ணீரில் தோணி போவது போல ஒரு சாண்; பிள்ளை அழுகையை நிறுத்தித் தூங்கியதும் யாரும் பார்க்காத நேரத்தில் அந்த ஒரு சாணைத் திரும்பப் போய்விடும். ஜெசிந்தா சுவரடியைச் சுற்றியும், அங்கிருந்து வீட்டுப் பக்கம் சாணுக்கு ஒன்றாகவும் சிப்பிகளைப் பதித்து அடையாளம் வைத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து விடாமல் அழுத ஒரு நாளில் கிணறு பதினான்கு சிப்பி தாண்டி, கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிள்ளை தவழத் தொடங்கினால் என்ன ஆகும் என்று நினைக்கும்போது அவளுக்கு மார்பில் பால் நின்று போயிற்று. ஊரே குடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது.

டெரன்ஸிடம் சொன்னாள். அவளுடைய கணவன் டெரன்ஸ் சென்னையில் நிலம் வாங்கி விற்கிற கம்பெனியில் இருந்தான், பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊருக்கு வருவான், வந்தால் போனில்தான் பாதி நேரம் இருப்பான். ஒரு ஞாயிறு மத்தியானம் அவன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது, கதவோரம் நின்று, சிப்பிகளைப் பற்றியும் கறிவேப்பிலைச் செடியைப் பற்றியும் அழாமல் சொல்லி முடித்தாள். அவன் லேசைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசுவதை அவன் அப்படிக் கேட்டதில்லை.

"அழுதா மட்டுந்தானா?" என்றான்.

"அழுதா மட்டுந்தான்."

"நீ கூப்பிட்டா வராதா?"

"எனக்குப் பின்னாலயும் வரும். ஆனா அவ அழுதாத்தான் உடனே வருது."

யாரிடமும் சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனான். அந்தக் கையின் சூடு சாயங்காலம் வரைக்கும் அவளுக்கு இருந்தது.

அடுத்த முறை வந்தபோது கறுப்புக் காரில் வந்தான், கோயில் நடுப்பெஞ்சு நீளத்துக்கு ஒரு கார், உள்ளே உட்கார்ந்தால் வெளியே அடிக்கிற மணியும் கேட்காது, மாதாவிளைச் செம்மண் அதன்மேல் பட்டதைப் பார்க்கவே ஊருக்குக் கூச்சமாக இருந்தது. அதற்கு அடுத்த முறை பார்சலில் ஒரு பெட்டி வந்தது, கன்றுக்குட்டி கனம். காருக்குப் பின்னால் மாட்டுகிற இழுவைக் கொக்கி என்றான். ஆகஸ்ட் திருநாளுக்கு மாதா சப்பரத்தை இந்த வருஷம் வடம் பிடிக்காமல் காரே இழுக்கட்டும், ஜெசிந்தாவின் அப்பா பெயரில் நேர்ந்துகொண்டது என்றான். ஊரில் சிரித்தார்கள். டிராக்டரில் மாட்ட வேண்டியதைக் கொண்டுவந்து இதிலா மாட்டுவது, மாப்பிள்ளைக்குக் குதிரை வாங்கி வண்டியில் பூட்டின கதையாக இருக்கிறதே என்று கீழத்தெருவில் கேட்டதற்கு, மாதாவை டிராக்டரா இழுக்கும் என்று டெரன்ஸ் திருப்பிக் கேட்டான், சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நகரத்தில் கார் கம்பெனிக்காரர்கள் இந்த வண்டியில் அதையெல்லாம் மாட்ட மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்களாம், ஆகையால் வீட்டிலேயே மாட்டினான்.

மாட்டியது அவன் மட்டுமல்ல. பெட்டிக்குள் இருந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ், பொடிப்பொடி எழுத்து, டெரன்ஸுக்கு அதில் நாலு வரிக்கு மேல் பொறுமை இல்லை. ஜெசிந்தா பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் படித்தவள், காற்புள்ளிக்கு நிறுத்தி முற்றுப்புள்ளிக்கு மூச்சு விட்டு வாசிக்கப் பழகியவள், லியோனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். மணலில் ஜாக்கி புதையாமல் இருக்க அடியில் அம்மிக்கல்லை வைத்தார்கள். பின்பக்கப் பம்பரின் கீழ்த்திருகுகளைக் கழற்றி, புகைக்குழாயைத் தாங்குகிற ரப்பரை விலக்கி, கொக்கிச் சட்டத்தை இரண்டு பேராகத் தூக்கிப் பிடித்தார்கள். வண்டியின் அடிச்சட்டத்துக்குள் ஒரு சுருள் கம்பியை விட்டு, அதன் நுனியில் போல்ட்டைக் கோத்து, ஓட்டை வழியாக வெளியே இழுக்க வேண்டும். டெரன்ஸின் கை அதற்குள் நுழையவில்லை. "உன் கை சின்னது, நீ விடு" என்றான். பிள்ளையை ரோஸ்லினிடம் கொடுத்துவிட்டு, அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் மல்லாந்து காருக்கு அடியில் போனாள். கான்வென்ட் படிப்பு காருக்கு அடியில் கிடக்குது பாரு என்று ரோஸ்லின் பிள்ளையிடம் சொல்லுவது அவளுக்குக் கேட்டது. எட்டு போல்ட்டையும் அவள்தான் இழுத்தாள், எட்டு நட்டையும் அவள்தான் விரலால் திருகி நிறுத்தினாள், போதுமான இறுக்கம் வந்ததும் டக் என்று சொல்லுகிற நீளமான ஸ்பேனரை டெரன்ஸ் கொடுக்க, புத்தகத்தில் போட்டிருந்த வரிசைப்படி எட்டு டக்கையும் அவள்தான் எண்ணினாள். ஒன்றைக்கூட அவள் சும்மா விடவில்லை. மாதாவை இழுக்கப் போகிற கொக்கி.

வெளியே வந்து, தலைமுடியில் மணலோடு மீதிப் பக்கங்களையும் வாசித்தாள். பின்னால் வருவது முன்னால் போவதைவிடக் கனமாக இருக்கக் கூடாது, இருந்தால் பின்னால் வருவதுதான் முன்னால் போவதை ஓட்டும் என்று போட்டிருந்தது. டெரன்ஸ் தலையாட்டினான். கடைசிப் பக்கத்தில், இழுவையில் இருக்கும்போது பூட்டை எப்படிக் கழற்றுவது என்று இருந்தது. "அது வேண்டாம். மாட்டுனாப் போதும், கழட்டுறதை அப்புறம் பாத்துக்கிடலாம்" என்று புத்தகத்தை வாங்கி மூடி வைத்தான். அவன் கை கழுவப் போனபோது அவள் அந்தப் பக்கத்தையும் வாசித்து முடித்தாள். எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை.

அதற்கப்புறம் தொடர்ந்து மூன்று ஞாயிறும் டெரன்ஸ் ஊருக்கு வந்தான். பிள்ளைக்குச் சளி கட்டியிருக்கிறது, கோயில் கூட்டத்தில் கொண்டுபோக வேண்டாம், நீ வீட்டில் இருந்து செபமாலை சொல்லு, உனக்கும் சேர்த்து நான் பூசை பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். தனக்காக ஒருவன் அப்படி யோசிக்கிறானே என்று அவள் அவனுக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். முதல் ஞாயிற்றுக்கு மறுநாள் தண்ணீருக்கு வந்த பெண்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் பிள்ளையைக் கொஞ்சினார்கள். இரண்டாம் ஞாயிற்றுக்கு மறுநாள் ஒருத்தரும் உட்கார்ந்து பேசவில்லை. மூன்றாம் ஞாயிற்றுச் சாயங்காலம் கித்தேரி அக்கா, வீட்டில் இருக்கிற பானை, சட்டி, குத்துப்போணி, பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற தொட்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போனாள். விருந்தாளி வருகிறார்களா அக்கா என்று ஜெசிந்தா கேட்டதற்கு, ஆமாம் என்று குனிந்துகொண்டே சொன்னாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். பிள்ளையைக் காரில் ஒரு சுற்று கூட்டிப் போனால் தூங்கிவிடும், நீ நிம்மதியாகத் தலைக்குக் குளி என்று டெரன்ஸ் சொன்னான். சீயக்காய் தேய்த்து முதல் சொம்பு ஊற்றும்போது லியோனா அழுகிற சத்தம் கேட்டது. தூக்கத்துக்கு அழுகிற அழுகை அது இல்லை, யாரோ கிள்ளிவிட்டால் அழுவாளே அது. இரண்டாவது சொம்புக்கு வாளியில் கை விட்டவள், வெளியே கப்பி கிரீச்சிட்டுக்கொண்டே தூரமாகப் போவதைக் கேட்டாள். சேலையைச் சுற்றிக்கொண்டு, கண்ணில் சீயக்காய் எரிய ஓடி வந்தபோது, முருங்கை மரத்துக்கும் குளியலறைக்கும் நடுவே வெறும் செம்மணல். அவள் பதித்த சிப்பிகள் மட்டும் வட்டமாகக் கிடந்தன.

தெருவில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள், சப்பரம் போகும்போது நிற்பது போல, கைகளைக் கட்டிக்கொண்டு. நடுவில் கறுப்புக் கார் கடற்கரைச் சாலையைப் பார்த்து ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதன் கொக்கியிலிருந்து தடிச் சங்கிலிகள் கல்தூண் இரண்டுக்கும் போயிருந்தன, கிணறு ஒரு சொட்டுச் சிந்தாமல் பின்னாலேயே வந்தது. வர மனமில்லாத கிணற்றை எந்த வண்டியும் இழுக்க முடியாது, மனமுள்ள கிணறும் ஒரு அழுகைக்கு ஒரு சாணுக்கு மேல் தானாக நகராது. டெரன்ஸ் இரண்டையும் சேர்த்துக்கொண்டான். பின் சீட்டில், கண்ணாடிக்கு உள்ளே, லியோனா சிவந்து போய் அழுதுகொண்டிருந்தாள்.

ஓடிக்கொண்டே ஜெசிந்தா கேட்டாள், நின்றவர்கள் ஆளுக்கொரு துண்டாகச் சொன்னார்கள். கடற்கரைச் சாலையில் வருகிற புது ரிசார்ட்டில் டெரன்ஸும் ஒரு கூட்டாளி, அங்கே நல்ல தண்ணீர் இல்லை. பதிலுக்கு மாதாவிளையில் வீட்டுக்கு ஒரு குழாய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். மாதாவிளைப் பங்கைச் சேர்ந்த கிணறு வெளியேற விரும்புகிறது என்று பங்குச்சாமி முறைப்படி மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார். கித்தேரி அக்கா தன் வீட்டுப் படியில் நின்றாள். ஜெசிந்தா அங்கே மட்டும் நின்றாள்.

"மூணு ஞாயிறும் நீங்க கோயில்ல இருந்தீங்களாக்கா?"

"இருந்தேன்."

"தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்னு சாமி கேட்டாங்களா?"

"கேட்டாரு." கித்தேரி அக்கா முந்தானை நுனியைத் திருகினாள். "நீயே பயந்துபோய்க் கொண்டு போகச் சொல்லிட்டேன்னு உன் வீட்டுக்காரன் சொன்னாம்ட்டி. பிள்ளையப் பெத்தவ சொல்லும்போது நாங்க என்னன்னு தடை சொல்ல?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

கித்தேரி அக்காவுக்குப் பின்னால் முற்றம் முழுக்கத் தண்ணீர் நிரப்பிய பாத்திரங்கள் வெயிலில் மின்னின.

கார் வேகமாகப் போக முடியாதது ஒன்றுதான் கடவுள் செயல். கல்குகைக்குள் மாதா நிற்கிற கெபியைத் தாண்டும் முன் ஜெசிந்தா எட்டிப் பிடித்து, நடந்துகொண்டே பின்கதவைத் திறந்தாள். டெரன்ஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்தான், நிறுத்தவில்லை.

"ஜெசி, பிள்ளைய வை. நீதான பயமா இருக்குன்னு சொன்ன."

"உங்ககிட்டதான சொன்னேன்" என்றாள்.

பெல்ட்டை அவிழ்க்க அவள் காரோடு மூன்று அடி நடக்க வேண்டியிருந்தது. பிள்ளையின் தொடையில் விரல் பட்ட இடம் சிவந்திருந்தது. தூக்கித் தோளில் போட்டதும் கார் நின்றது. டெரன்ஸ் நிறுத்தியதால் இல்லை, கிணறு நின்றதால். சக்கரங்கள் செம்மணலை வாரி இறைத்தன, ஊர் முழுக்கத் தூசியானது, கொக்கி கொஞ்சமும் அசையவில்லை. எட்டு போல்ட்டும் சரியான இறுக்கத்தில் இருந்தன. ஜெசிந்தா திரும்பி, காரைக் கடந்து, சங்கிலியைக் கடந்து, கிணற்றைக் கடந்து வந்த வழியே நடந்தாள். லியோனா இன்னும் விம்மிக்கொண்டிருந்தாள். கிணறு நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பி அவளுக்குப் பின்னால் வந்தது. கிணற்றுக்குப் பின்னால், பின்பக்கம் முன்னாக, பிரேக் பிடித்தபடியே, கறுப்புக் காரும் வந்தது.

மெழுகுதிரி இல்லாத குறைதான், ஓரங்களில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று பெண்கள் போகிற போக்கில் ஒரு குடம் மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். எல்லாரும் அது டெரன்ஸின் வீட்டுக்குத் திரும்பும் என்று நினைத்தார்கள். ரோஸ்லின் புறவாசலைத் திறந்து வைத்து, சிப்பிகளைக் காலால் ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா அந்த வாசலைத் தாண்டினாள். கோயிலைத் தாண்டினாள், பங்குச்சாமி கையிலிருந்த பங்குப் பதிவேட்டை மூடாமல் படியில் நின்றார். ஊர் எல்லையில் ஈச்சங்காட்டுப் பாதை தொடங்குகிற இடத்தில் கூட்டம் நின்றுவிட்டது, கித்தேரி அக்காதான் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"ஏட்டி ஜெசி, குழாய் இன்னும் போடலயே. நாங்க தண்ணிக்கு என்ன செய்ய?"

ஜெசிந்தா திரும்பவில்லை. "மூணு ஞாயிறு வாசிச்சாச்சுல்லாக்கா" என்று மட்டும் சொன்னாள்.

பாதை இரண்டு பக்கமும் பனை. ஈரத்தலை காய்ந்து சீயக்காய் முதுகில் உதிர்ந்தது. கிணறு ஒரு சாண் தூரத்தில் வந்துகொண்டிருந்தது, அவளுக்கு இப்போதும் அதைப் பார்த்தால் பயம்தான். பிள்ளையைத் தோளில் இறுக்கிக்கொண்டு, பயத்தோடுதான் நடந்தாள். பின்னால் கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தமும் கேட்டது; இறங்கி நடக்கலாம்தான், ஆனால் காரை விட்டுவிட்டுப் போக டெரன்ஸுக்கு மனம் வரவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியை இறக்கினான்.

"ஜெசி" என்று கூப்பிட்டான், ஷூ லேசைப் பாதியில் விட்ட அன்று பேசிய அதே குரலில். "அந்தப் புத்தகத்துக் கடைசிப் பக்கத்துல என்ன போட்டிருந்துச்சு?"

ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு நினைவிருந்தது. பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். லியோனா மறுபடி அழ ஆரம்பித்தாள், கிணறு ஒரு சாண் முன்னால் வந்தது, காரும் வந்தது.